கலைத்துப் போட்டால் தெரியும் ரசனை

மயிலாப்பூரில் ஒருவரது கைபேசியில் உள்ள பாடல்களைக் கலைத்துப் போட்டு ஓடவிட்டால், செம்மங்குடியின் கல்யாணி முடிந்த கையோடு தேவாவின் கானா வரலாம். அடுத்தது சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமாக இருக்கலாம். மார்கழியில் சபா வாசலில் அவரிடம் பிடித்ததைக் கேட்டால் முதல் பெயர்தான் வாயில் வரும். நாமே தேர்ந்தெடுத்து அடுக்கும் பட்டியலில் பிறர் பார்வைக்கான கவனம் கலந்துவிடுகிறது. எண்பதுகளில் பட்டியல் எழுதிக் கொடுத்துக் கடையில் காசெட் பதிவுசெய்து வாங்கியவர்கள், 60 நிமிடத்துக்குள் அடங்கப் பல பாடல்களை அடிக்க வேண்டியிருந்தது. இன்று இடம் தாராளம். வெளியே சொல்லக் கூசும் பாட்டும் உள்ளேயே கிடக்கிறது.

இயந்திரம் குலுக்குவதில் ஆளைத் தேடுவது ஜோசியம் என்பார்கள் சிலர். வரிசையைப் பொறுத்தவரை அது சரியே. நிஜமான குலுக்கலில் ஒரே பாடகர் அடுத்தடுத்து வருவது இயல்பு. கேட்பவர்கள் அதைக் குறையாகச் சொன்னதால், ஒரு கலைஞரின் பாடல்கள் பரவலாக வரும்படி ஸ்பாட்டிஃபை 2014இல் முறையை மாற்றியது. ஆனால் போடாத சீட்டு குலுக்கலில் வராது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சரிகமா இசை நிறுவனம் 2017இல் கொண்டுவந்த கார்வான் பாட்டுப்பெட்டியில் வாங்கும்போதே 5,000 பாடல்கள் இருந்தன. தி.நகரில் வாங்கினாலும் அடையாறில் வாங்கினாலும் அதே பாடல்கள்தான். அந்தச் சேகரிப்பு வாங்கியவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அங்கே கவனிக்க வேண்டியது விரலை: எந்தப் பாட்டின் பல்லவியிலேயே பொத்தானை அழுத்தித் தாண்டுகிறார், எதற்காகச் சமையலறையிலிருந்து வந்து சத்தத்தைக் கூட்டுகிறார்.