ஒரு கிருமி மட்டுமா?

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்திர அறிக்கையில் ஒரு குறிப்பு வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா, இருவர் இறந்துவிட்டார்கள். எய்ட்ஸின் கதையை இங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் அதே குறிப்பில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தியும் உண்டு: ஐந்து பேரிடமும் சைட்டோமெகலோ வைரஸின் தடயமும் கேண்டிடா பூஞ்சையும் இருந்தன.

நல்ல உடம்புக்கு இவை ஒரு பொருட்டே அல்ல. நியூமோசிஸ்டிஸ் பூஞ்சையை நம்மில் பெரும்பாலோர் குழந்தையாக இருக்கும்போதே சுவாசித்திருக்கிறோம். சைட்டோமெகலோ ஒருமுறை நுழைந்தால் ஆயுள் முழுக்க உள்ளேயே பதுங்கிக் கிடக்கும். அவற்றைத் தலையெடுக்க விடாமல் வைத்திருப்பதில் ரத்தத்தின் சிடி4 செல்களுக்குப் பெரும் பங்கு. ஒரு மைக்ரோலிட்டரில் 500க்கு மேல் இருக்கவேண்டிய அந்தச் செல்கள் எச்.ஐ.வி.யால் 200க்குக் கீழே சரிந்தால் நியூமோசிஸ்டிஸ் எழுந்துவிடும். காவல்காரன் இல்லாத வீட்டுக்கு ஒரே ஒரு திருடன்தான் வருவான் என்று என்ன நிச்சயம்? காசநோயும் வரலாம், நிமோகாக்கஸ் பாக்டீரியாவும் வரலாம், எல்லாம் ஒரே வாரத்திலும் வரலாம். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் சேர்த்து ஒரே காரணத்தைத் தேடும் மருத்துவப் பழக்கம் இங்கே காலை வாரிவிடும்.

அதற்காக, கண்ணில் பட்ட கிருமியெல்லாம் குற்றவாளி என்றும் சொல்லிவிட முடியாது. மூச்சுக்குழாய் வழியாக உப்புநீரைச் செலுத்தி உறிஞ்சியெடுத்துப் பரிசோதிப்பார்கள். எய்ட்ஸ் நோயாளியின் அந்த நீரில் சைட்டோமெகலோ அடிக்கடி தென்படும். பெரும்பாலும் சும்மா வேடிக்கை பார்க்க வந்தது. கோட்ரைமாக்சசோல் கொடுத்து நியூமோசிஸ்டிஸை மட்டும் அடக்கினாலே பலர் தேறிவிடுவார்கள். அதே வைரஸ், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவரின் நுரையீரலில் நிமோனியாவாக வெடித்தால் ஆளையே கொல்லும்! எதிர்ப்புச் சக்தி எப்படிக் குலைந்தது என்பதைப் பொறுத்து ஒரே கிருமியின் குணம் மாறுகிறது. எனக்கு இதில் மிகவும் வியப்பூட்டுவது இதுதான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. எச்.ஐ.வி. மருந்து வேலைசெய்யத் தொடங்கி எதிர்ப்புச் சக்தி மீளும்போது, அதுவரை சத்தமில்லாமல் இருந்த காசநோய் திடீரென்று காய்ச்சலும் வீக்கமுமாக வெளிப்படலாம். கிருமி பெருகியதால் அல்ல, உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டதால். நுரையீரல் காசநோய் இருப்பவருக்கு முதலில் அதற்கான மாத்திரைகளைத் தொடங்கிவிட்டு, சில நாட்கள் கழித்து எச்.ஐ.வி. மருந்தைக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.