டிரைவர் சொன்ன ஓட்டல்! லண்டனில் யாரை நம்பலாம்?

ஊர் புதிது. கூடவே குழந்தை குட்டிகள். எல்லோருக்கும் பசி. நல்ல ஓட்டல் எங்கே இருக்கிறது? கார் ஓட்டுகிறவரைத்தான் கேட்கத் தோன்றும். அவர் சொல்வதை நம்பலாமா?

லண்டன் மாநகரில் இரண்டு வகை டிரைவர்கள் உண்டு. ஒருவர், கறுப்பு டாக்சி ஓட்டுகிறவர். மற்றவர், செல்போனில் கூப்பிட்டால் வருகிறவர். "ஊபர்" கார் அங்கே வந்தது 2012-ல்.

25 ஆயிரம் தெரு!

கறுப்பு டாக்சி ஓட்டப் பரீட்சை எழுதியாக வேண்டும். 1865 முதல் இந்த வழக்கம். சேரிங் கிராஸ் என்ற இடத்தைச் சுற்றி 6 மைலுக்குள் சுமார் 25 ஆயிரம் தெருக்கள். அத்தனையும் மனப்பாடம் ஆக வேண்டும்! ஓட்டல்கள், தியேட்டர்கள் இருக்கும் இடமும் தெரிய வேண்டும். தேறுவதற்கு 3, 4 ஆண்டு ஆகும்.

ஆனால், ஓட்டலின் விலாசம் தெரிவது வேறு. ருசி தெரிவது வேறு!

பச்சைக் கொட்டகை

டாக்சிக்காரர்கள் சாப்பிடுவதற்கென்றே தெரு ஓரத்தில் பச்சை வர்ணம் அடித்த மரக் கொட்டகைகள் இருக்கின்றன. 1875-ல் தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது 13 மிச்சம். உள்ளே உட்கார டாக்சிக்காரர்களுக்கு மட்டுமே உரிமை. மற்றவர்கள் ஜன்னலில் வாங்கிச் சாப்பிடலாம்.

செல்போன் டிரைவருக்கு அந்தக் கடும் பரீட்சை இல்லை. செல்போனே வழி காட்டும். அதற்காக அவரைத் தள்ளிவிட வேண்டாம். அவர்களில் பலர் பாகிஸ்தான், வங்காளதேசம் போன்ற நாடுகளில் இருந்து வந்தவர்கள். தங்கள் ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எப்படிக் கேட்பது?

ஆள் கொண்டுவரும் டிரைவருக்குக் கமிஷன் கொடுக்கும் கடைகள் உலகில் பல ஊர்களில் உண்டு. ஆகையால், "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்கக் கூடாது. "சொந்தக் காசு போட்டு நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

டாக்சிக்காரரோ, செல்போன் டிரைவரோ, அதற்கு அவர் சொல்லும் பதிலை நம்பலாம்!