சட்டமா, மனச்சான்றா? கொடைக்கானல் காவல் ஒன்றை முன்வைத்து

கொடைக்கானலில் கோஹினூர் என்னும் ஒரு மாளிகை உண்டு. கோடை மாதங்களில் மலையேறும் குருமாரும் இறையியல் மாணவரும் அதன் வரலாற்றை அறியாமலேயே அவ்வழியே நடந்திருக்கலாம். காஷ்மீரத் தலைவர் ஷேக் அப்துல்லா 1965ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்குக் காவலில் வைக்கப்பட்டிருந்தார். சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி உயிர்பிழைக்க அமெரிக்க மதுரை மிஷன் தொண்டர்கள் 1845இல் குடியேறிய ஊர், நூற்றிருபது ஆண்டுகள் கழித்து ஒரு மனிதரை ஒதுக்கிவைக்கத் தக்க இடமாக அரசுக்குத் தோன்றியது.

மனிதரின் உரிமையைக் காப்பது சட்டமா, குடிமக்களின் உள்ளத்தில் வேரூன்றிய நம்பிக்கையா என்னும் வினா வகுப்பறையில் எழும்போது, மாணவர் பெரும்பாலும் “இரண்டும் தேவை” என்று கூறி அமர்ந்துவிடுவர். அவ்விடை தவறன்று, ஆனால் மிக எளிதாக வந்துவிடுகிறது. கொடைக்கானல் நிகழ்ச்சியைச் சற்று ஊன்றி நோக்கினால் வினாவின் கடினம் விளங்கும்.

ஹஜ் பயணம் சென்று, அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்துத் திரும்பிய அப்துல்லா, 1965 மே மாதம் தில்லியில் கைதுசெய்யப்பட்டார். முதலில் உதகமண்டலத்திற்கும் பின்னர் கொடைக்கானலுக்கும் கொண்டுசெல்லப்பட்டார். இதற்கு எந்த நீதிமன்றத் தீர்ப்பும் தேவைப்படவில்லை. சீனப் போரை முன்னிட்டு 1962 அக்டோபர் 26ஆம் நாள் அவசரநிலை அறிவிக்கப்பட்டிருந்தது. சண்டை ஒரு மாதத்தில் ஓய்ந்தது. அவசரநிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. அரசியல் சட்டத்தின் 359ஆம் பிரிவின்படி பிறப்பிக்கப்பட்ட ஆணையினால், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அடைக்கப்பட்டவர், உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் உறுதிகூறும் 21ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றத்தை அணுக இயலாது. ஆகவே நிகழ்ந்தது சட்டமீறல் அன்று. காவலாளி சட்டத்தின் பெயராலேயே வாயிலில் நின்றான் என்பதை நாம் மறத்தலாகாது.

எனினும் சட்டம் முற்றிலும் ஊமையாகிவிடவில்லை. ஆணை தீயநோக்குடன் பிறப்பிக்கப்பட்டதெனில் அதை எதிர்த்து வழக்காடலாம் என்று உச்சநீதிமன்றம் 1963இல் ஒரு சிறு வாயிலைத் திறந்துவைத்தது. அதன்வழியே 1966இல் வெளியேறியவர் கேரளத்து மண்ணெண்ணெய் வணிகர் ஒருவர். காவல்துறை அதிகாரி ஒருவர் தம் உறவினரின் வணிகம் செழிக்கவேண்டி அவரைச் சிறைப்படுத்தத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டை அரசுத் தரப்பு முறையாக மறுக்கவில்லை. அவரை விடுவித்த நீதிபதிகள், இத்தகைய பரந்த அதிகாரத்தை இடைவிடாது கையாளுவோரின் மனச்சான்று மழுங்கிவிடக்கூடும் என எச்சரித்தனர். சட்ட ஏட்டில் மனச்சான்று என்னும் சொல் இடம்பெற்றது குருமாராகிய நமக்கு வியப்பளிக்க வேண்டும். நாம் பேசவேண்டியதை நீதிமன்றம் பேசிற்று.

அப்துல்லாவுக்காக யார் பேசினர்? மிகச் சிலரே. 1965 பாகிஸ்தானுடன் போர் நிகழ்ந்த ஆண்டு. அவரை ஐயுற்றோர் பலர். ஜெயப்பிரகாஷ் நாராயணன் 1966இல் பிரதமர் இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதி அவரை விடுவிக்க வேண்டினார். அத்தகைய கருத்துகளுக்காகத் துரோகி என்ற பழியையும் ஏற்றார். தன் விடுதலையை விரும்பாதவன் எவனும் இல்லை. நாம் ஐயுறுகின்ற, ஒருவேளை வெறுக்கின்ற மனிதனுக்கும் அதே விடுதலை உண்டென்னும் நம்பிக்கையே உரிமையைக் காக்கிறது என்பது என் துணிபு. அது அரிதாகவே காணப்படுகிறது. விசாரணையின்றி அடைபட்டோருக்காக நம் ஆலயங்களில் பொதுமன்றாட்டு ஏறெடுக்கப்படுவது எத்தனை ஞாயிறுகளில்?

திருமறையிலும் இதற்கு ஒப்பான காட்சி உண்டு. ரோமக் குடியுரிமையைச் சொன்ன மாத்திரத்தில் பவுலின்மீது விழவிருந்த சாட்டை நின்றது (அப்போஸ்தலர் 22). அங்கே சட்டம் காத்தது. ஆனால் தேசாதிபதியாகிய பேலிக்ஸ், நீதியையும் இச்சையடக்கத்தையும் நியாயத்தீர்ப்பையும் பற்றிக் கேட்டு நடுங்கியும், கைக்கூலியை எதிர்பார்த்தும் யூதருக்கு உகந்தவனாக விரும்பியும், பவுலை இரண்டு ஆண்டுகள் காவலிலேயே விட்டுச்சென்றான் (அப்போஸ்தலர் 24). ரோமச் சட்டம் அப்போதும் மாறவில்லை. அதை நடத்தியவனுக்குத்தான் நெஞ்சுரம் இல்லை. (இரண்டு ஆண்டுகள் என்னும் ஒற்றுமையைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை.)

மீண்டும் நம் நாட்டிற்கு வருவோம். 1975இன் அவசரநிலையில் அந்தச் சிறு வாயிலும் அடைபட்டது. 1976 ஏப்ரல் 28ஆம் நாள் ஐந்து நீதிபதிகளில் நால்வர், அடைக்கப்பட்டவருக்கு நீதிமன்றத்தை அணுகும் உரிமையே இல்லை என்றனர். மறுத்தெழுதிய எச். ஆர். கன்னா தலைமை நீதிபதிப் பதவியை இழந்தார். நால்வர் கையிலும் கன்னாவின் கையிலும் இருந்தது ஒரே அரசியல் சட்டம். 1977 மார்ச்சில் வாக்காளர் ஆட்சியை மாற்றினர். அதன் பயனாக 1978இல் 44ஆம் திருத்தம் வந்தது; 21ஆம் பிரிவை இனி எந்த அவசரநிலையிலும் நிறுத்திவைக்க இயலாது. மக்களின் உறுதி சட்டமாகப் படிந்த நல்ல சான்று இது. ஆனால் தடுப்புக்காவலின் காலவரம்பைக் குறைக்கவும் அதை ஆராயும் குழுவை நீதித்துறையினரைக் கொண்டு அமைக்கவும் அத்திருத்தத்திலேயே ஒரு பகுதி உண்டு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அப்பகுதி இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. கட்சிகள் பல ஆண்டன. எதுவும் அந்த அறிவிக்கையை வெளியிடவில்லை. வற்புறுத்துவாரும் இலர்.

துன்பப்பட்டவனுக்காவது இந்த நம்பிக்கை தானே பிறக்கும் என்று எண்ணுவோமானால், அதற்கும் இடமில்லை. அப்துல்லா 1968 தொடக்கத்தில் விடுதலை பெற்று, 1975இல் காஷ்மீரத்தின் முதலமைச்சரானார். நாடு 44ஆம் திருத்தத்தைக் கண்ட அதே 1978ஆம் ஆண்டில், அவருடைய அரசு பொதுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. மரக்கடத்தலை ஒடுக்குவதற்கென்று அப்போது கூறப்பட்டது. விசாரணையின்றி இரண்டு ஆண்டுகள்வரை ஒருவரை அடைத்துவைக்க அது இடமளித்தது. 2019 செப்டம்பரில் அச்சட்டத்தின்கீழ் அவருடைய மகன் பாரூக் அப்துல்லா, நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே காவலில் வைக்கப்பட்டார். ஸ்ரீநகரில் அவர் வாழ்ந்த வீடே துணைச்சிறையாக அறிவிக்கப்பட்டது. 2020 மார்ச்சில்தான் அவர் வெளியே வந்தார்.