சொந்த வண்டி, சொந்தக் கணக்கு

"கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு குட்டி யானை எடுத்து ஓட்டலாமா?" மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வாழும் நம் இளைஞர்களிடையே இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. அன்பியக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் வண்டி, டியூ, லோடு என்றே வந்து நிற்கிறது. கேட்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. வயது இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில். வீட்டில் ஒரு குழந்தை, மனைவியின் நகை அடகில். எனவே, இதைச் சற்று விரிவாகவே சிந்திப்பது நல்லது.

இந்த எண்ணம் ஏன் இங்கே இவ்வளவு வலுவாக எழுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2010-ஐ ஒட்டி ஒரகடத்தில் ரெனோ நிசான், அப்போலோ டயர்ஸ், டைம்லர் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஊரே மாறியது. ஆனால், 2014 நவம்பரில் நோக்கியா தன் உற்பத்தியை நிறுத்துவதற்குள், நிரந்தர வேலை என்று நம்பியிருந்த ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து வீட்டுக்குத் திரும்பினர். அதே ஆண்டின் இறுதியில் அதை அடுத்திருந்த பாக்ஸ்கான் ஆலையும் மூடப்பட்டது. பின்னர் வேறு நிறுவனங்கள் வந்து வேலை தந்தன என்றாலும், 'கம்பெனி என்றைக்கு வேண்டுமானாலும் போகும்' என்ற பயம் நம் பகுதியில் தங்கிவிட்டது. சொந்த வண்டி என்ற கனவின் பின்னால் இந்தப் பயமும் இருக்கிறது.

தொழிற்சாலைகளைத் தொடர்ந்து கிடங்குகள் வந்தன. நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தில் இன்று தகரக் கூரை வேய்ந்த பெரிய குடோன்கள் நிற்கின்றன. மப்பேட்டில் பல்முனைச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. எனவே, இப்பகுதியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குப் பஞ்சம் வராது. ஆனால், வேலை இருப்பது ஒன்று. அதில் நமக்கு மிஞ்சுவது வேறொன்று.

முதலில், விட்டுவிட்டு வரும் வேலையைப் பற்றி. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் சிகிச்சை கிடைக்கும். வேலையை விட்டால் இது போய்விடும். அடுத்தது பி.எஃப். வண்டிக்கு முன்பணம் கட்டப் பலரும் கை வைப்பது இதில்தான். அதிலுள்ள ஓய்வூதியப் பகுதிக்கு மொத்தம் 10 ஆண்டுகள் பணி முடித்திருக்க வேண்டும். எட்டு அல்லது ஒன்பது ஆண்டு முடித்த ஒருவர் அவசரப்பட்டு ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டால், முதுமையில் மாதாமாதம் வரக்கூடிய தொகையை இழந்துவிடுவார். எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், பின்னர் வேறு வேலையில் சேரும்போது பழைய ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இதை யாரும் சொல்வதில்லை, வண்டி விற்பவர் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்.

இனி கணக்குக்கு வருவோம். 2005-இல் டாடா ஏஸ் வந்தபிறகுதான் 'குட்டி யானை' என்ற பெயரே நம் தெருக்களில் புழங்கத் தொடங்கியது. இப்போது பல வகைச் சிறிய சரக்கு வண்டிகள் உள்ளன. ஓர் உதாரணம் பார்ப்போம். எண்கள் வண்டிக்கு வண்டி மாறும், கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

6 லட்சம் ரூபாய் கடன், ஐந்து ஆண்டுகள், '7 விழுக்காடு ஃபிளாட் வட்டி' என்று ஃபைனான்ஸ்காரர் சொல்கிறார். வட்டி 2,10,000 ரூபாய். மாத டியூ 13,500. ஏழு விழுக்காடுதானே என்று நாம் மகிழ்கிறோம். ஆனால், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போனாலும் முழு ஆறு லட்சத்துக்கும் கடைசிவரை வட்டி கட்டுகிறோம். குறையும் நிலுவை முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய பன்னிரண்டரை விழுக்காடு. 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, வங்கியோ நிதி நிறுவனமோ இத்தகைய கடனுக்கு, எல்லாச் செலவும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டியைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நமக்குப் புரியும் மொழியிலேயே அது இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்குங்கள்.

இனி ஓட்டம். ஒரு நாளைக்கு ஒரு டிரிப், போகவர 80 கிலோமீட்டர், வாடகை 1,800 ரூபாய், மாதத்தில் 22 நாள் வேலை என்று கொள்வோம். வரவு 39,600. லிட்டருக்கு 16 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்றால் டீசலுக்கு 10,120. டியூ 13,500. காப்பீடு, வரி, எஃப்.சி. எல்லாம் சேர்த்து மாதம் 3,000 ஒதுக்க வேண்டும். டயர், சர்வீஸ் ஆகியவற்றுக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 2,640. சுங்கம், தேநீர், ஏற்றுகூலி என்று நாளுக்கு 100 வீதம் 2,200. மொத்தச் செலவு 31,460. கையில் நிற்பது 8,140 ரூபாய்! கம்பெனியில் வாங்கிய சம்பளத்தில் பாதிகூட இல்லை.

அதே வண்டி ஒரு நாளைக்கு இரண்டு டிரிப் போய், 120 கிலோமீட்டர் ஓடி, 2,800 ரூபாய் ஈட்டினால் வரவு 61,600 ஆகிறது. டீசலும் தேய்மானமும் கூடினாலும் டியூவும் காப்பீடும் கூடாது. செலவு 37,840, மிச்சம் 23,760. ஆக, இத்தொழிலில் பிழைப்பையும் நட்டத்தையும் பிரிப்பது அந்த இரண்டாவது டிரிப்தான், அல்லது திரும்பி வரும்போது கிடைக்கும் ரிட்டர்ன் லோடுதான். காலி வண்டியாகத் திரும்பும் ஒவ்வொரு கிலோமீட்டரும் நம் சட்டைப் பையிலிருந்து போகிறது. சென்னை நகருக்குள் காலை மாலை நெரிசல் நேரங்களில் சரக்கு வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், நேரம் தவறினால் இரண்டாவது டிரிப் கிடையாது. குடோன் வாசலில் இறக்க ஆளில்லாமல் மூன்று மணி நேரம் நின்றாலும் அப்படியே.

இந்தக் கணக்கில் இல்லாத ஒன்று உண்டு. டிரான்ஸ்போர்ட் அல்லது வெண்டரிடம் வண்டியை அட்டாச் செய்தால், பணம் உடனே வருவதில்லை. முப்பது நாள், நாற்பத்தைந்து நாள், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகிறது. டியூவோ ஐந்தாம் தேதி கேட்கிறது, டீசல் அன்றாடம் கேட்கிறது. முதல் இரண்டு மாதத்தைக் கடக்கக் கையில் குறைந்தது 60,000 ரூபாயாவது இல்லாமல் தொடங்கினால், கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்க நேரிடும். நல்ல ஓட்டம் இருந்தும் வண்டியைப் பறிகொடுத்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள் என்பது நம் கணிப்பு. வாடகை, காத்திருப்புக் கூலி, பணம் தரும் நாள் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாகவாவது வாங்கி வையுங்கள்.

தாள்கள் விஷயத்தில் நம் மக்களிடையே தவறான எண்ணங்கள் நிறைய. பேட்ஜ் இல்லாமல் ஓட்ட முடியாது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. அதுபோல, சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. ஆனால், மஞ்சள் போர்டும் எஃப்.சி.யும் கட்டாயம். புது வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்குச் சரக்கு ஏற்றி விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வாய்ப்பு அதிகம். அளவுக்கு மீறி லோடு ஏற்றினாலும் இதே சிக்கல்தான்.

சரக்கின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாயையும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாயையும் தாண்டினால் இ-வே பில் வேண்டும். தடா, ஸ்ரீசிட்டி என்று ஆந்திரப் பக்கம் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. பில்லில் நம் வண்டி எண் சரியாக இருக்கிறதா என்று குடோனிலேயே பார்த்துவிடுங்கள். அதிகாரி பிடித்தால் சரக்கு அவர்களுடையது, நிற்பது நம் வண்டி.

காப்பீட்டில், வண்டி உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால் 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடும் சேர்த்து எடுக்க வேண்டும். கூடுதலாகச் செலுத்துவது சில நூறு ரூபாய்தான். பிரீமியத்தைக் குறைப்பதற்காக இதை நீக்கித் தரச் சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. இ.எஸ்.ஐ.யும் போய்விட்ட குடும்பத்துக்கு அந்தக் காகிதம் ஒன்றுதான் மிச்சம் என்பதை மனைவியும் அறிந்திருக்க வேண்டும். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும்.

கடனுக்குத் தனியார் ஃபைனான்ஸ் மட்டுமே வழி என்றில்லை. கிறிஸ்தவர்கள் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கு டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் குறைந்த வட்டியில் தொழில் கடன் தருகிறது. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்கலாம். மாவட்டத் தொழில் மையத்தில் மானியத்துடன் கூடிய திட்டங்கள் உள்ளன. வண்டியை வாங்கிய பிறகு அல்ல, வாங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே ஒரு வேதனையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டியல் இனத்தவருக்கென 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. ஒரே தெருவில், ஒரே நிலையில் வாழும் தலித் கிறிஸ்தவ இளைஞருக்கு அது கிடைக்காது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இன்னும் தடையாக நிற்பதே காரணம். அந்தத் தடையை நீக்கக் கோரி 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. வண்டிக் கடன் போன்ற சிறிய காரியத்திலும் இந்த அநீதி எப்படி வந்து முட்டுகிறது பாருங்கள்.

சரக்கு வண்டிக்கு வசதியில்லாதவர்கள் இருசக்கர வாகனத்தில் பொட்டலமும் உணவும் கொண்டு சேர்க்கும் வேலைக்குப் போகிறார்கள். செயலி நிறுவனங்கள் அவர்களைப் 'பங்குதாரர்' என்றுதான் அழைக்கின்றன, தொழிலாளர் என்பதில்லை. என்றாலும், 2023 டிசம்பரில் தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. நடுவண் அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இந்நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை நல நிதிக்குத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. சரக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கு அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியம் தனியே இருக்கிறது. இவற்றில் பதிவு செய்வதற்குப் பங்கு இளையோர் இயக்கம் ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்கி உதவினால் மிகவும் நல்லது.

ஞாயிறு என்றதும் இன்னொன்று. 'சொந்த வண்டி என்றால் நாமே முதலாளி, விருப்பம்போல விடுப்பு எடுக்கலாம்' என்பார்கள். டியூ இருக்கும்வரை அப்படி இல்லை. ஞாயிறு லோடுக்குச் சற்று அதிகம் தருவார்கள், பிறகு அதுவே வழக்கமாகிவிடும். திருப்பலியும் போய், பிள்ளைகளோடு உண்ணும் ஒரு வேளைச் சாப்பாடும் போய், ஆறு மாதத்தில் உறக்கமும் போய்விடும். சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொக்கும் ஓட்டுநருக்கு முன்னால் போவது கன்டெய்னர் லாரி. மேலே நாம் போட்ட கணக்கில் வேலை நாளை 22 என்று வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். முப்பது நாள் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும் என்றால், அந்த வண்டியை வாங்க வேண்டாம்.

வேலையை விடும் முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம், விடுமுறை நாட்களில் ஒரு மாதம் ஆக்டிங் டிரைவராக ஓட்டிப் பாருங்கள். எந்தக் குடோனில் எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறார்கள், யார் சொன்ன நாளில் பணம் தருகிறார்கள், எந்தப் பக்கம் ரிட்டர்ன் லோடு கிடைக்கிறது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டை வீட்டில் இருவருமாக உட்கார்ந்து பாருங்கள்.