மலிவு ஸ்கூட்டர்: வாங்கலாமா?

லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். சீனப் பாகங்களைப் பூட்டி விற்கப்படும் மலிவு மின்சார ஸ்கூட்டரைப் பள்ளி செல்லும் மகளுக்கு வாங்கத் துடிக்கும் டில்லித் தகப்பனைக் கவர இந்த மூன்று ‘வேண்டாம்’களே போதும்.

சலுகை உண்மைதான். ஆனால் மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்து, சோதனைச் சான்றும் பெற்ற வண்டிக்கு மட்டுமே. வேகத்தைக் கூட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னால் உஷார்: பிறகு அது பதிவில்லாத மோட்டார் வாகனம். விபத்து நேர்ந்தால் இழப்பீடு உங்கள் தலையில்.

ஈய-அமில பேட்டரி சில ஆண்டுகள்தான் உழைக்கும். மாற்றும் செலவையும் விலையோடு கூட்டுங்கள். 2022இல் மின் ஸ்கூட்டர்கள் சில தீப்பிடித்த பிறகே பேட்டரி விதிகளை அரசு இறுக்கியது.

விலை பேசுமுன் கேளுங்கள்: சான்று எங்கே? உதிரிபாகம் யாரிடம் கிடைக்கும்? பதில் மழுப்பலாக வந்தால் நடையைக் கட்டுங்கள்.