சப்பாத்தியின் வரி பூஜ்யம்; உள்ளே இருக்கும் வரி யார் தலையில்?

2025 செப்டம்பர் 22 திங்கட்கிழமை முதல் புதிய ஜிஎஸ்டி விகிதங்கள் அமலுக்கு வந்தன. செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி மன்றத்தின் 56-வது கூட்டம் முடிந்ததிலிருந்தே கடிதங்கள் குவிந்தன. எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்ற பட்டியல் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்துவிட்டது. அதை இங்கே திரும்ப அச்சிடப் போவதில்லை. கோவை கணபதியில் பாக்கெட் சப்பாத்தி தயாரிக்கும் ஒரு வாசகர் கேட்ட கேள்வி மட்டும் மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கிறது. “சப்பாத்திக்கு 5 சதவீத வரி போய் பூஜ்யம் ஆகிறது என்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? எங்கள் ஆடிட்டர் மட்டும் ஏன் கவலைப்படுகிறார்?”

கவலைப்பட வேண்டியவர்தான் கவலைப்படுகிறார்.

வரிச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தாம் விற்கும்போது வசூலித்த வரியிலிருந்து, தாம் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குக் கட்டுகிறார்கள். கடைத்தெருவில் இதை ‘இன்புட் எடுப்பது’ என்கிறார்கள். விற்கும் பொருளுக்கு வரி இல்லை என்று அரசு அறிவித்த நாளிலிருந்து அந்தப் பொருளுக்காக இன்புட் எடுக்க முடியாது. வாங்கியவற்றுக்குக் கட்டிய வரி அப்படியே அடக்க விலையில் ஏறிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரி சேர்க்காமல் 100 ரூபாய்க்கு விற்கும் சப்பாத்தி என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டையில் வரும் கோதுமை மாவுக்கு வரி இல்லை. பிளாஸ்டிக் உறை, கட்டட வாடகை, இயந்திர உதிரிகள் போன்ற 18 சதவீத வரிச் செலவுகள் 20 ரூபாய் என்றால், அவற்றுக்குக் கட்டிய வரி 3 ரூபாய் 60 காசு. முன்பு வாடிக்கையாளர் 105 ரூபாய் கொடுத்தார். தயாரிப்பாளர் வசூலித்த 5 ரூபாயில் 3.60-ஐக் கழித்துக்கொண்டு 1.40-ஐ அரசுக்குக் கட்டினார். செப்டம்பர் 22 முதல் வசூலிக்க எதுவும் இல்லை, கழிக்கவும் எதுவும் இல்லை. நட்டமின்றி விற்க வேண்டுமானால் விலை 103 ரூபாய் 60 காசு. ஆக, இந்தக் கட்டத்தில் அரசு விட்டுக்கொடுத்தது 1 ரூபாய் 40 காசு. விளம்பரத்தில் வருவது 5 ரூபாய். மற்ற 3 ரூபாய் 60 காசை அரசு ஏற்கெனவே உறை விற்றவரிடமும் கட்டட உரிமையாளரிடமும் வாங்கி வைத்திருக்கிறது. அது திரும்பி வராது. அந்த 20 ரூபாய்ச் செலவு 28-ஐத் தொட்டால் மொத்தச் சலுகையும் கரைந்துவிடும்.

இதே கணக்கில் பரோட்டா தயாரிப்பவர் உண்மையாகவே மகிழலாம். அவருக்கு வரி 18-லிருந்து பூஜ்யம். 118 ரூபாய்ப் பொருள் 103.60-க்கு வரும். பக்கத்துப் பக்கத்துக் கூடங்களில் ஒரே மாதிரி உறையில் அடைக்கப்படும் இரண்டு பொருள்களுக்கு ஒரே ‘பூஜ்யம்’ இவ்வளவு வேறுபட்ட பலனைத் தருகிறது.

பூஜ்யத்தை உண்மையான பூஜ்யமாக்க அரசுக்குத் தெரியாமல் இல்லை. ஏற்றுமதிக்கு அதைத்தான் செய்கிறது. பொள்ளாச்சியிலிருந்து துருவிய உலர் தேங்காயைக் கப்பலில் அனுப்பினால், விற்பனைக்கும் வரி கிடையாது, உள்ளே கட்டிய வரியும் திரும்பக் கிடைக்கும். உள்ளூரில் சாப்பிடுபவருக்கு மட்டும் அந்த இரண்டாம் பாதி இல்லை. ஒரு சதவீத வரி வைத்து முழு இன்புட்டையும் திருப்பித் தந்திருந்தால் அதே சப்பாத்தி 101 ரூபாய்க்குக் கிடைத்திருக்கும். ‘வரியே இல்லை’ என்று சொல்லும் வாய்ப்புக்காக, விலை இன்னும் குறையும் வழி கைவிடப்பட்டிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

ஆடிட்டரின் கவலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. விற்கும் பொருள்கள் முழுவதும் வரிவிலக்குக்கு மாறினால், கையிருப்பில் உள்ள உறை, எண்ணெய், விற்காத சரக்கு ஆகியவற்றுக்கு முன்பு எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 18(4) பிரிவு அப்படிச் சொல்கிறது. ஐடிசி-03 படிவம் அதற்குத்தான். இயந்திரங்களும் தப்பாது. அவற்றின் ஆயுளை ஐந்து ஆண்டுகள் என்று வைத்து, மீதி மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு குளிர் அறை அமைத்து, 1,80,000 ரூபாய் இன்புட் எடுத்தவர், மீதமுள்ள 36 மாதங்களுக்காக 1,08,000 ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அதன் பிறகும் கணக்கில் இன்புட் மீதி இருந்தால் அது காலாவதி. பனீரோடு நெய்யும் விற்கும் பால் நிறுவனங்களுக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. பனீர் பூஜ்யத்துக்கும் நெய் 12-லிருந்து 5-க்கும் போவதால், விற்பனை விகிதப்படி இன்புட்டைப் பிரித்து ஒரு பகுதியைத் தக்கவைத்துக்கொள்வார்கள். பனீரோ சப்பாத்தியோ மட்டும் செய்யும் சிறிய கூடம்தான் முழுச் சுமையையும் தாங்கும்.

இப்போது இதே கணக்கைத் தோட்டத்துக்குக் கொண்டு போவோம். தேங்காய்க்கு வரி இல்லை, கறந்த பாலுக்கு இல்லை, உயிர்க் கோழிக்கு இல்லை. “விவசாயிக்கு ஜிஎஸ்டியே கிடையாது” என்று மேடைகளில் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அவர் வாங்கும் உரத்துக்கு 5 சதவீதம், பூச்சிமருந்துக்கு 18, கிணற்றில் இறக்கும் மோட்டார் பம்புக்கு 18. ஒன்றுக்கும் இன்புட் எடுக்க வழியில்லை. சப்பாத்திக் கூடமாவது விலையை ஏற்றிப் பார்க்கலாம். ஆனைமலையில் தேங்காய் விலையை நிர்ணயிப்பது வியாபாரி. “பம்புக்கு இவ்வளவு வரி கட்டியிருக்கிறேன், காய்க்கு அம்பது காசு சேர்த்துக் கொடுங்க” என்று எந்தத் தோட்டக்காரரும் கேட்க முடியாது. பல்லடம் பகுதியில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவரின் நிலை இன்னும் கடினம். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகை, மின்விசிறி, தண்ணீர்க் குழாய் எல்லாம் அவருடைய செலவு. அவற்றின் வரியெல்லாம் கிலோவுக்கு இவ்வளவு என்று நிறுவனம் நிர்ணயிக்கும் வளர்ப்புக் கூலிக்குள் அடங்கிப் போகிறது. வரிவிலக்கு என்பது சங்கிலியில் விலை சொல்லும் வலு இல்லாதவரிடம் வரியைத் தேக்கி வைக்கும் ஏற்பாடாக மாறுவது இப்படித்தான்.

அதனால் இந்த முறை விவசாயிக்குக் கிடைத்த உண்மையான பலனைத் தேடுபவர்கள் விளைபொருளின் வரியைப் பார்க்கக் கூடாது. அவர் வாங்கும் பொருள்களைப் பார்க்க வேண்டும். டிராக்டர், சொட்டுநீர்க் கருவிகள், தெளிப்பான்கள் 12-லிருந்து 5-க்கு இறங்கின. டிராக்டர் டயர் 18-லிருந்து 5. இவை நேரடியாகச் செலவைக் குறைப்பவை, வரவேற்க வேண்டியவை. கோவையின் சொந்தத் தயாரிப்பான மோட்டார் பம்ப் மட்டும் பழைய 18-லேயே நிற்கிறது.

பம்ப் அந்த இடத்துக்கு வந்த நாளை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: 2022 ஜூலை 18. அன்றுதான் பம்புக்கு 12-லிருந்து 18 ஆனது. கோவையின் இன்னொரு அடையாளமான வெட் கிரைண்டருக்கு 5-லிருந்து 18 ஆனது. பாக்கெட் அரிசிக்கும் தயிருக்கும் புதிதாக 5 சதவீதம் வந்தது. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றும் அன்றே நடந்தது. சமையல் எண்ணெய் ஆலைகளின் உபரி இன்புட்டைத் திருப்பித் தரும் வசதி நிறுத்தப்பட்டது. எண்ணெய்க்கு 5 சதவீதம், அதை அடைக்கும் உறைக்கும் பாட்டிலுக்கும் 18 சதவீதம் என்னும்போது இன்புட் உபரியாகச் சேரும். மற்ற தொழில்கள் அதைத் திரும்பக் கேட்கலாம். காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் ஆலை கேட்க முடியாது. கேட்கும் உரிமை உள்ள தொழில்களுக்கும் பொருள்களுக்குக் கட்டிய வரி மட்டுமே திரும்பும். வாடகை, சரக்குக் கட்டணம் போன்ற சேவைகளின் வரி திரும்பாது. அதை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

தேங்காய் எண்ணெயில் ஒரு பழைய வழக்கு மட்டும் இப்போது பொருளற்றுப் போகிறது. சிறிய பாட்டிலில் அடைத்தால் அது கூந்தல் எண்ணெயா, சமையல் எண்ணெயா? சேலம் கலால் ஆணையர் தொடுத்த மேல்முறையீட்டில், உண்ணத்தக்க எண்ணெய்தான் என்று 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி இரண்டுக்குமே 5 சதவீதம்.

கிரீம் பன்னுக்கும் அதே கதைதான். 2024 செப்டம்பரில் கோவையில் நடந்த தொழில்துறையினர் கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், இனிப்புக்கு 5, காரத்துக்கு 12 என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனிடம் அன்னபூர்ணா ஓட்டல் குழுமத்தின் சீனிவாசன் முறையிட்டது நினைவிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்பு, காரம், கிரீம் பன் எல்லாம் 5. அந்த முறையீடு நியாயமானது என்பதை அரசின் அறிவிப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஓட்டலில் நெய் ரோஸ்ட் விலை குறையுமா?
குறைய வேண்டும். 2017 நவம்பர் 15 முதல் பெரும்பாலான ஓட்டல்கள் இன்புட் இல்லாமல் 5 சதவீதம் வசூலிக்கின்றன. நெய்க்குக் கட்டும் வரி அவர்களுடைய சொந்தச் செலவு. அது 12-லிருந்து 5-க்கு இறங்கும்போது அடக்க விலை நேரடியாகக் குறைகிறது.

குறைக்காவிட்டால் எங்கே புகார் செய்வது?
கொள்ளை லாபத் தடுப்புச் சட்டப்பிரிவு இருக்கிறது. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் அதன்கீழ் புதிய புகார்களை ஏற்பதில்லை. இப்போதைக்கு நுகர்வோர் உதவி எண் 1915 மட்டுமே. இவ்வளவு பெரிய வரிக் குறைப்பை, அதைக் கண்காணிக்கும் வழியை மூடிவிட்டுச் செய்வது சரியல்ல.

பழைய விலை அச்சிட்ட பாக்கெட்டுகள்?
புதிய ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் அது கட்டாயமாக்கப்படவில்லை. பழைய உறைகளை 2026 மார்ச் 31 வரை பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது. எந்த ஸ்டிக்கர் இருந்தாலும் பில்லில் புதிய வரிதான் இருக்க வேண்டும்.

பனீருக்கு வரி இல்லை, பாக்கெட் தயிருக்கு?
5 சதவீதம் தொடர்கிறது.

ஆவின் பால்?
பாக்கெட் பாலுக்கு முன்பும் வரி இல்லை, இப்போதும் இல்லை.

26 கிலோ அரிசி மூட்டை இனியும் வருமா?
வரும். 25 கிலோ வரையிலான பாக்கெட்டுக்கு மட்டுமே 5 சதவீதம் என்ற விதி மாறவில்லை.

காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன், என்ன செய்ய வேண்டும்?
இன்புட் எடுக்க முடியாத இந்தத் திட்டத்தில் உங்கள் வரி விகிதம் மாறாது. வாங்கும் பொருளின் வரி குறைந்தால் அது உங்களுக்கு முழு லாபம்.

முறுக்கு, மிக்சர் போட்டு விற்கிறேன், எனக்கும் இன்புட் போய்விடுமா?
போகாது. வரி 12-லிருந்து 5 ஆகிறதே தவிர விலக்கு இல்லை. சப்பாத்திக்காரருக்கு இல்லாத இன்புட் உங்களுக்கு உண்டு.