பிலிகுண்டுலுவுக்கு இந்தப் பக்கம்: ஒரு மலை ஓடையை இருபது வருஷம் அளந்த கதை

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, படிக்க வசதியாகச் சுருக்கியது.)

தஞ்சாவூர் பக்கத்துக்காரங்க நாலு பேர் உட்கார்ந்து காவிரியைப் பத்திப் பேசினா, ரெண்டு பேர் கண்டிப்பா வரும். ஒன்று மேட்டூர், இன்னொன்று பிலிகுண்டுலு. ஜூன் 12 மேட்டூர் திறக்குமா, குறுவை போடலாமா, பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருது? டெல்டாவில் வளர்ந்த எனக்கும் காவிரி என்றால் ரொம்ப நாள் இவ்வளவுதான்.

இன்னைக்கு ஒரு சின்னக் கழித்தல் கணக்கோடு ஆரம்பிக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, சராசரியாக மழை பெய்கிற ஓர் ஆண்டில் காவிரிப் படுகையில் தமிழ்நாட்டின் பங்கு 404.25 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. இதில் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 177.25. கழிச்சுப் பாருங்க, 227 வரும். பாதிக்கும் மேல! இந்த 227 எங்கிருந்து வரணும்? பிலிகுண்டுலுவுக்கு இந்தப் பக்கம் பெய்யும் மழையிலிருந்தும், இந்தப் பக்கம் வந்து சேரும் பவானி, நொய்யல், அமராவதி மாதிரி ஆறுகளிலிருந்தும்தான்.

177-க்காகப் போராட்டம், வழக்கு, பந்த் எல்லாம் பார்த்துட்டோம். 227-ஐப் பத்தி டீக்கடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனா அதில் ஒரு சின்னத் துளிக்கு என்ன ஆகுதுன்னு ஒரு மலை ஆராய்ச்சி நிலையம் இருபது வருஷத்துக்கு மேல அளந்திருக்கு. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

ரெண்டு ஓடை, ஒரு கேள்வி

1954-இல் மத்திய அரசு ஊட்டியில் மண், நீர்ப் பாதுகாப்புக்காக ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அது இன்றும் இருக்கிறது. அப்போது நீலகிரியில் எல்லோருக்கும் இருந்த கேள்வி, 'புல்வெளியில் மரம் நட்டால் தண்ணீர் கூடுமா, குறையுமா?'

நீலகிரியின் உச்சிப் பகுதி இயல்பில் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. 1840-களில் ஆங்கிலேயர்கள் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸைக் கொண்டுவந்தார்கள். மலையில் நட்ட வகைக்குப் புளூகம் என்று பெயர், ஊர்க்காரங்க கற்பூர மரம்னு சொல்வாங்க. நூறு வருஷத்தில் புல்வெளி நிறைய தோப்பாக மாறிவிட்டது. மரம் மழையைக் கொண்டுவரும் என்று ஒரு கட்சி, மரம் தண்ணியக் குடிச்சிடும்னு இன்னொரு கட்சி. யார் கையிலும் எண் இல்லை.

எண் வேணும்னா என்ன செய்யணும்? மரம் நட்டு, அதுக்கு முன்னாடி, அதுக்குப் பின்னாடி ஓடையை அளந்தா போதாதா? போதாது. முன்னாடி நல்ல மழை, பின்னாடி வறட்சின்னு அமைஞ்சிட்டா, பழி மரத்து மேல விழும்.

இது டெல்டாக்காரங்களுக்குப் புதுசு இல்லை. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புது ரகத்தைத் தனியாக நட்டு 'நல்லா வெளஞ்சுது' என்று முடிவு கட்ட மாட்டார்கள். ஏற்கெனவே தெரிந்த ரகத்தை அதே பருவத்தில், பக்கத்துப் பாத்தியில் நடுவார்கள். ஒரே வயலிலும் மண்ணும் தண்ணீரும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில் நடுவார்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் சோதனை இல்லை.

மலையில் இதைச் செய்வது கஷ்டம். ஒரே மாதிரி இருபது ஓடைகளுக்கு எங்கே போவது? ஊட்டி மையத்துக்காரர்கள் கிளென்மார்கனில் அருகருகே ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர், தஞ்சாவூர்க் கணக்கில் ஏறக்குறைய 12 வேலி. அங்கே இறங்கும் தண்ணீர் மோயாறு வழியாகப் பவானிசாகருக்குப் போகிறது. பவானி ஆறு கூடுதுறையில், அதாவது மேட்டூருக்குக் கீழே, காவிரியில் கலக்கிறது.

ஒண்ணும் செய்யாத நாலு வருஷம்

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் இது. 1968-இல் அளக்க ஆரம்பித்தார்கள். மரம் நட்டது 1972-இல். நடுவில் நாலு வருஷம் ஒரு மரம்கூட நடாமல், ரெண்டு ஓடையையும் அளந்துகொண்டே இருந்தார்கள். முதல் ஓடையில் இவ்வளவு ஓடினால் இரண்டாவதில் எவ்வளவு ஓடும் என்ற உறவைக் கண்டுபிடிக்கத்தான். அது தெரிந்தால், பிறகு ஒன்றில் மட்டும் மரம் நட்டு, 'நடாமல் இருந்திருந்தால் இங்கே எவ்வளவு ஓடியிருக்கும்' என்று இன்னொன்றைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஓடையை அளப்பது எப்படி? குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் கட்டி, அதில் 'வி' வடிவத்தில் ஒரு வெட்டு வைப்பார்கள். கோடையில் தண்ணீர் மெலிந்து ஓடும்போதும் 'வி'யின் குறுகிய அடியில் அதன் உயரம் துல்லியமாகத் தெரியும். பக்கத்துத் தொட்டியில் மிதவை. அது ஏறி இறங்குவதை ஒரு பேனா, சுழலும் தாளில் கோடாகப் போடும். கேட்க எளிமை. ஆனால் வெட்டில் நாலு இலை சிக்கினால் தண்ணீர் தேங்கி மட்டம் ஏறும், தாள் வெள்ளம் வந்ததாகப் பொய் சொல்லும். அதனால் மழையோ பனியோ, ஓர் ஆள் போய் இலையை எடுக்கணும், வண்டலை வாரணும், தாளை மாத்தணும். கள ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் இதுதான்.

எண் என்ன சொன்னது?

1972-இல் ஒரு நீர்ப்பிடிப்பில் 59 சதவீதப் பரப்பில் புளூகம் நட்டார்கள். இன்னொன்றைத் தொடவில்லை. பத்து வருஷத்தில் மரம் நட்ட ஓடையின் ஆண்டு நீரோட்டம் சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது. மரத்தை வெட்டினார்கள். புளூகம் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும், வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கும். அந்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம்.

அதைவிட முக்கியமானது கோடை. ஓடை மிக மெலிந்து ஓடும் நாட்களின் அளவைத் தனியாகக் கணக்கிட்டபோது, முதல் சுற்றில் அது பாதியாகியிருந்தது. இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு! மலைப்புல் வறண்ட மாதங்களில் காய்ந்து அடங்கிவிடும். புளூகம் வருஷம் முழுக்கப் பச்சை, ஆழத்து ஈரத்தையும் விடாது. நமக்குத் தண்ணி எப்போ இல்லையோ, அப்போதான் அதிகமா வலிக்குது.

இன்னொரு பக்கமும் இருக்கு. கனமழை நாட்களின் உச்ச வெள்ளமும் மரத்தால் குறைந்தது. அதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதை எவ்வளவு தூரம் இழுக்கலாம்?

கவனமா இழுக்கணும். புல்வெளியில் நட்ட ஒரு வகை மரத்துக்கு, ஒரு மலையில் கிடைத்த விடை இது. எல்லா மரத்துக்கும் பொருந்தாது. புதுக்கோட்டைத் தைலமரத் தோப்புக்கு இதே எண்ணைத் தூக்கிப் போடக் கூடாது, அங்கே அளக்கணும். மோயாற்றுத் தண்ணீர் அப்படியே நம்ம வெண்ணாற்றுக்கு வந்துடுதுன்னும் சொல்ல முடியாது. வழியில் பவானிசாகரை நம்பி ஈரோடு மாவட்டப் பாசனம் இருக்கு. மிஞ்சினால்தான் கூடுதுறை, முக்கொம்பு, கல்லணை.

ஆனா அந்த 227 டிஎம்சி சும்மா வானத்திலிருந்து நேரா வாய்க்காலுக்கு வர்றதில்லை. மேல எது வளருதுங்கறதைப் பொறுத்து, கீழ வர்ற அளவும் மாசமும் மாறும். இதைத் தீர்ப்பு எழுதி மாத்த முடியாது, கர்நாடகத்தைக் கேட்டும் வாங்க முடியாது. நம்ம மலை, நம்ம முடிவு.

அடுத்த தடவை டிவியில் பிலிகுண்டுலு நீர்வரத்து ஓடும்போது, பக்கத்தில் இருக்கறவங்க கிட்ட ஒண்ணு கேளுங்க: 'இந்தப் பக்கத்து ஓடைகளை இன்னைக்கு யாரு அளக்கறாங்க?' பதில் கிடைச்சா எங்களுக்கும் சொல்லுங்க.